பங்குக் கிணறும் கம்பனிப் பங்கும்

பங்கு என்னும் சொல் எம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்ப்போர், நிலத்தின் நான்கெல்லைகளையும் கூறியபின் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். இவ்வாறு பங்குக் கிணறுள்ள காணியொன்றை வாங்க விரும்புவோர் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. ஆவணி, புரட்டாதியிலும் கிணற்றில் நீர் நிற்குமா, நீர் நன்னீரா உவரா, பங்காளிகள் எத்தனை பேர், இறைப்பு முறை தவறாது கிடைக்குமா, கிணற்றைக் கலக்கி இறைக்கும் செலவை எல்லாரும் ஒழுங்காகப் பகிர்ந்துகொள்கின்றனரா என்றெல்லாம் அயலில் விசாரிப்பர். எழுதப் படிக்க அறியாத முதியவரும் இவ்விசாரணையில் வல்லவராயிருப்பார். ஆயின், கம்பனியொன்றின் பங்கை வாங்க முற்படும்போது மட்டும், படித்தவர்களே இவ்வினாக்களுள் ஒன்றையேனும் கேளாது, "விலை ஏறுமாம்" என்ற ஒரு சொல்லை நம்பிக் காசைக் கொடுத்துவிடுவதைக் காண்கின்றோம். இம்முரண்பாடு ஏன் நேர்கிறது என்பதும், தனியொருவர் தமது சிறு சேமிப்பைக் கொண்டு எக்கம்பனியின் பங்கை வாங்குவதென எவ்வாறு தீர்மானிக்கலாம் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கையிற் பங்கு வாணிகம் நேற்று இன்று தோன்றியதன்று. 1896 ஆம் ஆண்டிலேயே கொழும்பிற் பங்குத் தரகர் சங்கம் அமைக்கப்பட்டுப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் கைமாறத் தொடங்கின. இன்றைய பங்குச் சந்தையின் நிறுவன வடிவம் 1985 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1990 ஆம் ஆண்டில் அது கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை என்னும் பெயரைப் பெற்றது. 1991 ஆம் ஆண்டில் மத்திய வைப்பு முறை வந்தபின் பங்குப் பத்திரங்களைக் கையிற் காவித்திரியும் தேவை படிப்படியாக நீங்கியது. எனினும், நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு எமது கிராமத்துச் சேமிப்பாளரை அதிகம் தொடவில்லை. அவர்கள் அறிந்த முதலீடுகள் காணி, நகை, சீட்டு, வங்கி வைப்பு என்னும் நான்கே. பங்கு என்றதும் சூதாட்டம் என்ற எண்ணமே பலர்க்கு எழுகிறது. அவ்வெண்ணம் முற்றிலும் தவறானதன்று. பங்கை வாங்குபவர் வாங்கும் முறையே அதனைச் சூதாகவோ உடைமையாகவோ ஆக்குகிறது.

இவ்விடயம் எனக்குப் பாடநூலில் இருந்து வந்ததன்று. என் அன்னையார் பாடசாலை ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். அவருக்குக் கிடைத்த பணிக்கொடையிற் பத்து இலட்சம் ரூபா வங்கியில் நிலையான வைப்பில் இருந்தது. 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதமாயிற்று. அதாவது, ஓராண்டின் முன் நூறு ரூபா வாங்கிய பொருளில் ஏறத்தாழ 59 ரூபாப் பெறுமதியானதையே அதே நூறு ரூபாவால் வாங்க முடிந்தது. டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபா 360 வரை வீழ்ந்தது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும் முப்பது ஆண்டு உழைப்பிற் பெரும்பகுதி கரைந்துவிட்டது. "நீ பொருளியல் படிக்கிற பிள்ளைதானே, இதிலை ஒரு பங்கையெண்டாலும் வேறை எங்கையாவது வைக்கலாமோ?" என்று அவர் என்னிடம் கேட்டார். விரிவுரை மண்டபத்திற் கேட்கப்படாத வினா அது. அதற்கு விடை கூறுவதாயின் கோட்பாடு மட்டும் போதாது. விடை பிழைத்தால் இழப்பு அவருடையது.

ஆகவே முதலில் எழுந்த வினா எக்கம்பனி என்பதன்று, எப்பணம் என்பதே. வங்கி வைப்பைப் பணவீக்கம் அரித்தது உண்மையே. அதற்காகப் பங்குகள் பாதுகாப்பானவை என்று கொள்ளுதல் பொருந்தாது. 2022 சனவரியில் 13,000 புள்ளிகளைக் கடந்திருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்திய ஏப்பிரல் மாதத்தின் இறுதியில் 8,000 புள்ளிகளுக்குக் கீழே வந்துவிட்டது. அம்மாதத்தில் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டிருந்தது. அவ்வாரம் வைத்தியசாலைச் செலவுக்குப் பங்கை விற்க வேண்டியிருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்ல கம்பனியின் பங்காயினும் விற்க வேண்டிய நாளில் நல்ல விலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எனவே, ஐந்தாண்டுகளுக்குள் தேவைப்படக்கூடிய எப்பணமும் பங்குக்கு உரியதன்று என்பதை முதல் விதியாகக் கொண்டோம். மருத்துவச் செலவு, தம்பியின் படிப்பு, வீட்டுத் திருத்தம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோது பத்து இலட்சத்தில் இரண்டு இலட்சமே எஞ்சியது. கடன்பட்டுப் பங்கு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த வினா, கம்பனி எதனாற் சம்பாதிக்கிறது என்பது. இது எளிய வினாவாகத் தோன்றும். பெருந்தோட்டக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். தேயிலை விற்று இலாபம் பெறுகிறது என ஒரு வரியில் விடை கூறிவிடலாம். ஆயின் 2021 இற் செயற்கை உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதை அடுத்து நாட்டின் தேயிலை உற்பத்தி வீழ்ந்தது. 2021 இல் 300 மில்லியன் கிலோகிராமை அண்டியிருந்த உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியனாகக் குறைந்தது. உற்பத்தி குறைந்தால் வருமானமும் குறையும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், தேயிலை டொலருக்கு ஏற்றுமதியாகும் பண்டமாதலின், ரூபா வீழ்ந்தபோது கொழும்பு ஏலத்திற் கிலோ ஒன்றின் சராசரி ரூபா விலை ஏறத்தாழ இரு மடங்காகியது. மழை, உரம், ஏல விலை, நாணயமாற்று வீதம், தொழிலாளர் சம்பளம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே அக்கம்பனியின் இலாபத்தை நிர்ணயிக்கின்றன என்பதை அறியாதவர், அதன் பங்கை வாங்கினாலும் விற்றாலும் காரணம் அறியாமலே செய்கிறார்.

இவ்விடத்திற் சம்பளம் பற்றி ஒரு சொல் கூறாது செல்லுதல் முறையாகாது. 2021 இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா எனத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகளின் கணக்கில் அது செலவு உயர்வு. மலையகத்திலிருந்து வந்து எம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நண்பர்களின் வீட்டில் அது அடுப்பெரியும் கணக்கு. பங்கை வாங்குபவர் உடைமையாளர். உடைமையாளர் தமது இலாபம் எவருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்பதை அறியாதிருக்க உரிமையற்றவர். சம்பளத்தைக் குறைத்து வைத்திருப்பதனாலேயே இலாபம் காட்டும் கம்பனியை விலக்கிவிடுதல் அறத்தின்பாற்பட்டது. அத்துடன் அது வணிக விவேகமுமாகும். அத்தகைய இலாபம் ஒரு வர்த்தமானி அறிவித்தலுடன் மறையக்கூடியது.

மூன்றாவதாக ஆண்டறிக்கையை வாசித்தல். பட்டியற்படுத்தப்பட்ட ஒவ்வொரு கம்பனியும் ஆண்டறிக்கையை வெளியிட வேண்டும். எவரும் அதனை இலவசமாகப் பெறலாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பது எம் போன்றோர்க்கு ஒரு தடை. எனினும், உயர்தர வகுப்பிற் கணக்கீடு கற்றவர்க்கு ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் எம்மொழியிலிருந்தாலும் அந்நியமல்ல. நான் ஓராண்டின் அறிக்கையோடு நில்லாது ஐந்தாண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து வாசித்தேன். தலைவரின் செய்தியை இறுதியில் வாசிப்பதே நன்று. முதலில் நோக்க வேண்டியவை மூன்று: இலாபம் ஐந்தாண்டிலும் நின்று நிலைத்ததா, கடன் எவ்வளவு, இலாபம் காசாக வந்து சேர்ந்ததா.

மூன்றாவதைச் சிறிது விளக்குதல் தகும். ஒரு கம்பனி ஐந்து கோடி ரூபா இலாபம் காட்டுகிறது எனக் கற்பனை செய்வோம். கடனுக்கு விற்ற பண்டங்களுக்காக வரவேண்டிய தொகை அதே ஆண்டில் நான்கு கோடியால் அதிகரித்திருப்பின், ஏனையவை மாறாதிருக்க, கையில் வந்த காசு ஒரு கோடியே. கணக்கில் இலாபம் உண்டு. பெட்டியிற் பணம் இல்லை. இவ்வாறு பல ஆண்டுகள் தொடர்ந்தாற் பங்கிலாபம் கொடுப்பதற்கும் கடன்பட வேண்டியிருக்கும். அல்லது புதிய பங்குகளை வழங்கிப் பணந்திரட்ட வேண்டியிருக்கும். புதிய பங்குகள் வழங்கப்படும்போது அவற்றை வாங்க இயலாத பழைய பங்குதாரரின் பாத்தியதை சுருங்குகிறது. கிணறு ஒன்றுதான், பங்காளிகள் கூடினால் இறைப்பு முறை பிந்தும். காசுப் பாய்ச்சற் கூற்றை வாசியாது இலாபத் தொகையை மட்டும் நோக்குதல், மாரியில் நிரம்பியிருக்கும் கிணற்றைப் பார்த்துவிட்டுக் கோடையை மறப்பதை ஒக்கும்.

நான்காவதே விலை. பலர் இதனை முதலாவதாக வைப்பதனாலேயே தடுமாறுகின்றனர். பத்து ரூபாப் பங்கு மலிவென்றும் ஐந்நூறு ரூபாப் பங்கு அதிக விலையென்றும் எண்ணுவது பொதுவான மயக்கம். ஒரு பங்கின் விலையை மட்டும் கொண்டு எதையும் கூற இயலாது. முழுக் கம்பனிக்கும் என்ன விலை என்று கணித்தல் வேண்டும். மேற்கூறிய கற்பனைக் கம்பனிக்கு ஒரு கோடி பங்குகள் உள்ளன எனவும், ஒரு பங்கின் விலை 50 ரூபா எனவும் கொண்டால், சந்தை அக்கம்பனி முழுவதற்கும் 50 கோடி ரூபா விலை கூறுகிறது. இலாபம் ஐந்து கோடி. ஆகவே பங்கொன்றுக்கான உழைப்பு ஐந்து ரூபா. விலை உழைப்பின் பத்து மடங்கு. வேறு விதமாகக் கூறின் நூறு ரூபாவுக்குப் பத்து ரூபா உழைப்பு. இது மலிவா? 2022 இன் இறுதியில் ஓராண்டுத் திறைசேரி உண்டியலின் விளைவு நூற்றுக்கு 29 வீதத்தை அண்டியிருந்தது. 2024 இன் இறுதியில் அது 9 வீதத்தை அண்டி வந்துவிட்டது. அதே கம்பனி, அதே இலாபம், அதே விலை. ஆயினும் முதற் சந்தர்ப்பத்தில் எதிர்கால வளர்ச்சி பற்றிய வலுவான காரணமின்றி வாங்கத் தகாதது, இரண்டாவதிற் சிந்திக்கத் தக்கதாகிறது. இக்காரணத்தினாற்றான் பங்கு வாங்குவோர் வட்டி வீதத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிற் பெஞ்சமின் கிரகாம் என்பார் 1949 இல் எழுதிய நூலில், கணித்த பெறுமதிக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே ஒரு பாதுகாப்பு இடைவெளி இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். எமது கணிப்பு எப்போதும் பிழைக்கக்கூடியது. பிழைத்தாலும் பெரிதாக அழியாதிருப்பதற்கே அந்த இடைவெளி. கணிதத்திற் புலமையுடையோர்க்கு மட்டும் உரிய கொள்கையன்று இது. பத்து மூடை தாங்கும் வண்டியில் எட்டு மூடை ஏற்றும் கமக்காரர் இதனை அறிவார்.

ஐந்தாவது வினா, பங்காளிகள் எவர் என்பது. இலங்கைக் கம்பனிகள் பலவற்றில் ஒரு குடும்பமோ ஒரு தாய்க் கம்பனியோ பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருப்பதைக் காணலாம். ஆண்டறிக்கையின் இறுதிப் பக்கங்களில் மிகப்பெரிய இருபது பங்குதாரரின் பட்டியலும் பொதுமக்கள் கைவசமுள்ள பங்குகளின் வீதமும் தரப்பட்டிருக்கும். நூறு பங்கு வைத்திருக்கும் எம் போன்றோரின் வாக்கு அக்கூட்டத்தில் எதையும் மாற்றாது. ஆதலின் பெரும்பங்காளியின் நடத்தையே எமக்குக் காப்பு. கம்பனி தன் உறவுக் கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கிறதா, அவற்றிடமிருந்து எவ்விலைக்குப் பண்டங்களை வாங்குகிறது, இலாபமில்லாத ஆண்டிலும் பணிப்பாளர்களின் வேதனம் உயர்கிறதா என்பன கணக்குகளுக்கான குறிப்புகளில் மறைவாகக் கிடக்கும். பெரும்பங்காளி தன் தோட்டத்துக்கு மட்டும் இரவில் நீர் இறைத்துக்கொள்ளும் கிணற்றில் எத்தனை அடி நீர் நின்றால்தான் என்ன?

இத்தனை வினாக்களையும் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கூட்டம் அப்பொறுமையைக் கெடுக்கிறது. 1936 இல் வெளியான தமது பொதுக் கோட்பாட்டு நூலிற் கெயின்ஸ் பங்குச் சந்தையை ஒரு பத்திரிகை அழகுப் போட்டிக்கு ஒப்பிட்டார். அதிற் பரிசு பெறுபவர் மிக அழகிய முகத்தைத் தெரிந்தவரல்லர். மற்றவர்கள் எம்முகத்தைத் தெரிவர் எனச் சரியாக ஊகித்தவரே. எமது சந்தையிலும் இது நிகழ்ந்துள்ளது. போர் முடிவுற்ற 2009 இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் நூற்றுக்கு 125 வீதத்தாலும், 2010 இல் மேலும் 96 வீதத்தாலும் உயர்ந்தது. 2011 பெப்ரவரியில் 7,800 புள்ளிகளைத் தொட்டது. 2012 இன் நடுப்பகுதியில் 5,000 புள்ளிகளுக்குக் கீழே வந்தது. 2011 இன் தொடக்கத்தில் வாங்கியவர்களுட் பலர் கம்பனியை வாங்கவில்லை. அயலவரின் உற்சாகத்தை வாங்கினர். உற்சாகத்துக்குப் பங்கிலாபம் இல்லை. அடிக்கடி வாங்கி விற்பவர்க்கு வேறொரு நட்டமும் உண்டு. ஒவ்வொரு முறையும் தரகும் கட்டணங்களுமாக நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்கிறது. வாங்கி விற்றால் இரண்டுக்கு மேற் போய்விடும்.

எல்லா வினாக்களுக்கும் சரியான விடை கண்டபின்னரும் அறியவொண்ணாதது ஒன்று எஞ்சியிருக்கும். கொழும்புப் பங்கு வாணிகத்தின் உயிர்நாடியாக விளங்கிய தேயிலை, இறப்பர்க் கம்பனிகளின் தோட்டங்களை 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அரசுடைமையாக்கியது. 2011 இல் மற்றொரு சட்டத்தின் மூலம் 37 நிறுவனங்கள் அரசினாற் கையேற்கப்பட்டன. பங்குச் சந்தையிற் பட்டியற்படுத்தப்பட்டிருந்த பெல்வத்தை சீனிக் கம்பனியும் அவற்றுள் ஒன்று. 1975 இன் நடவடிக்கைக்குச் சமூக நியாயங்கள் கூறப்படலாம். இங்கு எமது அக்கறை வேறு. எவ்வளவு நுணுகி ஐந்தொகையை வாசித்தவரும் இவற்றை அதில் வாசித்திருக்க முடியாது. இதிலிருந்து, வாசித்துப் பயனில்லை என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. ஒரே கம்பனியில், ஒரே துறையில் முழுச் சேமிப்பையும் இடலாகாது என்பதே பெறத்தக்க பாடம். எதை வாங்குவது என்பதற்கு அறிவு விடை கூறும். எவ்வளவு வாங்குவது என்பதற்கு அறியாமையைப் பற்றிய அறிவே விடை கூற வேண்டும்.

இவ்வினாக்களோடு மூன்று கம்பனிகளின் அறிக்கைகளை வாசித்து முடித்தபின், ஒவ்வொன்றைப் பற்றியும் அரைப் பக்கம் தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். ஏன் வாங்கலாம், எவ்விலைக்கு மேல் வாங்கலாகாது, என்ன நிகழ்ந்தால் விற்க வேண்டும் என்பவை மட்டுமே அவற்றில் இருந்தன. கலைச்சொற்களைத் தவிர்த்து எழுத முற்பட்டபோதுதான் எனக்கே எவை விளங்கியிருந்தன, எவை வெறும் சொற்களாகவே இருந்தன என்பது தெளிவாயிற்று. முதலாவது தாளை வாசித்துவிட்டு அவர், "லாபம் வருகுதெண்டால் ஏன் வருசா வருசம் கடனும் கூடுது?" என்றார். அறிக்கையை மீண்டும் புரட்டியும் அதற்குத் தெளிந்த விடை கிடைக்கவில்லை, அக்கம்பனியை விலக்கினோம். இரண்டாவது நல்ல கம்பனியே. விலை எமது எல்லைக்கு மேல் இருந்தது. அதற்குக் காத்திருக்கிறோம். மூன்றாவதில் மட்டும் ஐம்பதினாயிரம் ரூபாவுக்குப் பங்குகள் வாங்கினோம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் வைப்பிலேயே இருக்கிறது. வாங்காதிருப்பதற்கு எவரும் அபராதம் விதிப்பதில்லை என்பது சிறு முதலீட்டாளருக்குள்ள பெரிய சலுகை.

எம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் உத்தியோகம் பெற்றுச் சேமிக்கத் தொடங்குவர். பங்கு வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். ஆயின் பிறரது சேமிப்பைப் பற்றி அறிவுரை கூறும் நிலை பட்டம் பெற்ற பிள்ளைக்கு எம் குடும்பங்களில் வந்தே தீரும். அப்போது, அச்சேமிப்பின் உரியவருக்கு அவர் பேசும் மொழியில் எடுத்துரைக்க இயலாத எக்காரணத்தையும் காரணமாகக் கொள்ளாதிருத்தல் நலம். நாம் எழுதிய அந்த அரைப் பக்கத் தாள் வங்கிப் புத்தகத்தினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் அதனை எடுத்து, எழுதிய காரணங்கள் இன்னும் நிற்கின்றனவா என ஒவ்வொன்றாக ஒப்புநோக்க வேண்டும். அந்த நாளிற் பங்கின் விலை என்னவாக இருக்கும் என்பது இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய விடயம்.